நாலரை கிராம் விமானம்

காமயகவுண்டன்பட்டியில் முத்துக்கருப்பனோடு பேச வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பார்கள். வலது கை. சும்மா தொங்கவிட்டால் அது நடுங்கும். டீ கிளாஸை அந்தக் கையில் வாங்கினால், வாய்க்குப் போவதற்குள் கால் கிளாஸ் சட்டையில் இருக்கும். அதனால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் நிற்பார், பிடித்த திருடனை விட மனமில்லாதவர்போல.

1996இல் இருபது வயதில் ஒயர்மேனாகத் தொழிலுக்கு வந்தபோது அந்தக் கை இப்படி இல்லை. திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார், தென்னந்தோப்புக் காவல் லைட், புது வீட்டு ஒயரிங் என்று பத்து வருஷம் ஓய்வில்லாமல் ஓடினார். மோட்டார் உறுமுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். 2006இல் ஒரு தோப்பில் கம்பத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். "லைன ஆஃப் பண்ணியாச்சுப்பா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஆஃப் ஆகியிருக்கவில்லை. கரண்ட் வலது உள்ளங்கையைப் பிடித்து உலுக்கி, அவரைத் தூக்கி எறிந்தது. கீழே உழுத மண் இருந்ததால் உயிர் பிழைத்தார். தோள் எலும்பு மூன்று மாதத்தில் கூடியது. உள்ளங்கைத் தீப்புண்ணும் ஆறியது. நடுக்கம் மட்டும் போகவில்லை.

மனைவி மாயக்காள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொல்லிவிட்டார். "இந்தா பாருங்க, இனிமே ஏணியில ஒரு படி ஏறுனீகன்னாலும் எனக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது." திராட்சைத் தோட்டத்தில் கொத்துக் கழிக்கிற வேலை பார்ப்பவர் மாயக்காள். எந்தக் காயை வெட்டுவது, எதை விடுவது என்று யோசித்து நிற்க மாட்டார். சொன்னால் சொன்னதுதான்.

முத்துக்கருப்பன் ஏற நினைத்திருந்தாலும் ஏற்றிவிட ஆளில்லை. நடுங்குகிற கையில் யார் டெஸ்டரைக் கொடுப்பார்கள்? ஒரு வருஷம் அலைந்த பிறகு, ஊரில் தோட்டமும் கல்யாண மண்டபமும் வைத்திருந்த சுருளியாண்டி கூப்பிட்டு மண்டபத்தில் வேலை கொடுத்தார். ஸ்விட்ச் போடுவது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, முகூர்த்தம் முடிந்ததும் கூட்டுவது. ஒயரைத் தொடுகிற வேலை என்றால் தேனியிலிருந்து வைகுண்டராஜ் என்ற எலெக்ட்ரீசியன் பைக்கில் வருவார். முத்துக்கருப்பன் அவருக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். ஸ்டூல் பிடிப்பதுகூடப் பரவாயில்லை. மேலே இன்னொருவர் இணைப்பைச் சரியாக முறுக்காமல் டேப் சுற்றுவதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

2007 கடைசியில் ஒரு நாள், வேறு வேலை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கக் கம்பம் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கிற கயல் என்ற பெண்ணிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏம்மா, உள்ளுக்குள்ள உக்காந்து பாக்குற மாதிரி எலெக்ட்ரிக் வேலை வேணும். வெயிட்டு தூக்காம லைட்டா இருக்கணும். பேரு பதியுறது ப்ரீயா இருக்கணும்."

கயல் அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் தட்டினாள். இன்டோர், எலெக்ட்ரிக், லைட் வெயிட், ப்ரீ. வேலை என்ற வார்த்தையைத் தட்ட மறந்துவிட்டாள்.

திரையில் ஒரு விமானம் வந்தது. பெரிய கூடம் ஒன்றின் நடுவில் வெள்ளைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் தலைக்கு மேலே, கண்ணாடித்தாள் ஒட்டிய இறக்கையோடு பூச்சி மாதிரி ஒன்று பறந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இது வேற என்னமோ வந்திருச்சு. கட்டடத்துக்குள்ள விடுற ப்ளைட்டாம். இன்டோர் ப்ரீ ப்ளைட்டுன்னு போட்டிருக்கு."

"ப்ரீயாவா தர்றாக?"

கயல் சிரித்துவிட்டு அடுத்த வரிகளை வாசித்தாள். "அந்த ப்ரீ இல்லண்ணே. இதுக்குக் கயிறும் கெடையாது, ரிமோட்டும் கெடையாது. கைய விட்டா விட்டதுதான். அதும்பாட்டுக்குச் சுத்திட்டு அதும்பாட்டுக்கு எறங்குமாம். நடுவுல நாம ஒண்ணுஞ் செய்ய முடியாது. அந்த ப்ரீ. மூடிரவா?"

"இரும்மா."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது விமானத்தை அல்ல, அதன் மூக்கில் இருந்த மோட்டாரை. செல்போனை அதிர வைக்கிற மோட்டார் அது. அரிசி மூட்டையில் விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும். மூன்று குதிரைசக்தி, அஞ்சு குதிரைசக்தி என்று கிணற்றுமேட்டில் பார்த்தவருக்கு, விரல்நகம் அளவு மோட்டார் ஒரு விமானத்தை இழுக்கிறது என்பது நம்ப முடியாததாக இருந்தது. நாலு பக்கம் பிரின்ட் எடுத்து, மடிக்காமல், சட்டைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினார்.

அந்த நாலு பக்கத்தில் சொன்ன மரம் இங்கே கிடைக்காது. அவர் தன்னிடம் இருப்பதைத் தேடினார். மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளின் கழுத்தில் கட்டுகிற நெட்டி மாலை கடையில் மிஞ்சிக் கிடந்தது. நெட்டி தண்ணீரில் வளர்கிற செடியின் தண்டு, ஊதினால் போய்விடும். அதைப் பிளேடால் சீவித் துண்டுகளாக்கினார். நீளக் குச்சிக்கு ஊதுபத்தியின் மூங்கில் குச்சிகளை மருந்து நீக்கிச் சுரண்டி, ஈர்க்கைவிட மெல்லியதாக எடுத்துக்கொண்டார். இறக்கைக்குச் சட்டைக்கடையின் மெல்லிய பாலிதீன் உறை. மோட்டார் உடைந்த செல்போனிலிருந்து. பேட்டரி, காதில் மாட்டிப் பேசுகிற புளூடூத் ஒன்றிலிருந்து.

முதல் விமானத்தைக் கம்பத்தில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைக்கச் சொன்னார். பத்தொன்பது கிராம். கடைக்காரர், "இந்த எடைக்கு ரெண்டு பவுனுக்கு மேலயே நகை வாங்கலாமேப்பா" என்றார். அது பறக்கவில்லை, கொய்யாப்பழம் மாதிரி விழுந்தது. இரண்டாவது பதின்மூன்று கிராம். அதை மண்டபத்துக்கு வெளியே ஆனி மாதத்தில் விட்டுப் பார்த்தார். அந்த மாதங்களில் மலைக் கணவாய்களிலிருந்து இறங்குகிற காற்று பள்ளத்தாக்கில் துணி காயப்போட விடாது. விமானம் ஒரு நொடி கையில் இருந்தது, மறுநொடி அடுத்த தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்கு மேலே இருந்தது, அதற்கப்புறம் எங்கே போனதென்று தெரியாது. பக்கங்களில் ஏன் 'இன்டோர்' என்று எழுதியிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

கட்டடத்துக்குள் காற்று இல்லாத பெரிய இடம் வேண்டும். ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருக்க, இருபத்து நாலு அடி உயரத் தகரக் கூரையும் இரும்புச் சட்டங்களுமாக மண்டபம் ஒரு மாதம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

நடுக்கத்தைப் பற்றி அவர் ஒரு விஷயம் கண்டுபிடித்ததும் அங்கேதான். கை அந்தரத்தில் இருந்தால் நடுங்குகிறது. சுண்டுவிரலை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை விளிம்பில் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் விரல் நுனி நிற்கிறது. கொஞ்ச நேரம்தான். ஒரு துளி பசை வைக்க அது போதும். பிறகு மூச்சு விட்டுவிட்டு மறுபடி. ஒரு நெட்டித் துண்டை ஒட்ட ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஆனது. இரண்டு வருஷத்தில், பத்து விமானம் உடைந்த பிறகு, இரண்டு நிமிடம் ஆனது. பதினோராவது விமானம் 2009 ஆடியில் தயாரானது. நகைக்கடைத் தராசு நாலரை கிராம் காட்டியது. இந்தத் தடவை கடைக்காரர் மேலே சுற்றிய பேனை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தார்.

அது மண்டபத்துக்குள் மனிதர் நடக்கிற வேகத்தில் பறந்தது. அதற்குள் வைத்த மின்சாரம் தீருகிறவரை வட்டமடித்துவிட்டு, தரையில் வந்து உட்கார்ந்தது.

ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள் அது அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சுருளியாண்டி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே வைகுண்டராஜ், கையில் அளவு டேப்போடு. இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்கள். விமானம் சுருளியாண்டியின் துண்டை உரசாமல் வளைந்துபோய் மேடையோரம் இறங்கியது.

"என்னலே முத்து இது, வெளவாலா?"

"ப்ளைட்டுங்க மொதலாளி. நாந்தான் செஞ்சேன்."

வைகுண்டராஜ் குனிந்து பார்த்தார். பார்வை விமானத்திலிருந்து முத்துக்கருப்பனின் கைக்குப் போனது. அந்தக் கை அப்போது ஆடிக்கொண்டிருந்தது. "இது வெளியூர்ச் சரக்குண்ணே. எங்கயாச்சும் வாங்கியிருப்பாரு. இந்தக் கையில டீயே நிக்க மாட்டேங்குது."

சுருளியாண்டி வந்த காரணத்தைச் சொன்னார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் மண்டபத்துக்கு ஏசி போட வேண்டும். அதற்காக பால்ஸ் சீலிங் அடித்துக் கூரையைப் பன்னிரண்டு அடிக்கு இறக்க வேண்டும். ஒயரிங் மொத்தமும் புதுசு. "எல்லாத்தையும் வைகுண்டத்துட்டயே விட்டுரலாம்னு பாக்கேன். புது போர்டைப் பாத்துக்கிற ஆளும் அவரே தேனியில இருந்து போட்டுருவாரு."

முத்துக்கருப்பனுக்குக் கணக்குப் புரிந்தது. ஆள் வந்துவிட்டால் ஸ்விட்ச் போடுகிற வேலையும் போய்விடும். மிச்சமிருப்பது துடைப்பம்தான்.

"மொதலாளி, ஒயரிங்க எங்கிட்ட விடுங்க. இந்த மண்டபத்துல எந்த ஒயர் எங்கன ஓடுதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கை வேலைக்கு நிக்கும்."

"நிக்குமா?"

"நின்னதுனாலதான் இது பறக்குது."

சுருளியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். எங் கண்ணு முன்னால, ஒங் கையால, ரெண்டு நிமிசம் விழாம சுத்தவிடு. அப்பறம் பேசுவோம்."

அடுத்த நாளே மோட்டார் எரிந்துபோனது. வேறு மோட்டாருக்குக் கம்பம் முழுக்க அலைந்தும் அளவு சேரவில்லை. சனிக்கிழமை மாலை மாயக்காள் தன் போனைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தோட்டத்தில் மணி அடித்தால் கங்காணி ஏசுவார் என்பதற்காக, அதை எப்போதும் அதிர்வில் வைத்து இடுப்பில் செருகியிருப்பவர் அவர்.

"ஏங்க, தங்கச்சி நாலு தடவ கூப்புட்டாளாம். எம் போனு ஏன் ஆட மாட்டேங்குது?"

முத்துக்கருப்பன் இறக்கையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆடாது."

மாயக்காள் விமானத்தின் மூக்கைப் பார்த்தார். விளங்கிவிட்டது. "திங்கக்கெழமை ஆடலைன்னா நான் ஆடுவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மண்டப வாசலில் மணமக்கள் பெயர் எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. ஆடி என்பதால் அது காலியாக இருந்தது. மைக் செட் வைத்திருக்கும் ராக்கையா முத்துக்கருப்பனின் கூட்டாளி. யாரிடமும் கேட்காமல், நண்பனுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று, சுண்ணாம்புக்கட்டியால் அதில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்: 'ப்ரீ ப்ளைட். ஞாயிறு காலை 11 மணி. அனைவரும் வருக.'

ஊரில் அப்போது இலவச டி.வி. கொடுத்துக்கொண்டிருந்த காலம். சில தெருக்களுக்கு வந்திருந்தது, சில தெருக்களுக்கு வரவில்லை. வராத தெருக்காரர்கள் அந்தப் பலகையை மிகவும் கவனமாகப் படித்தார்கள்.

ஞாயிறு காலை முத்துக்கருப்பன் மண்டபத்தைக் கூட்டிவிட்டு, எந்தப் புண்ணியவானும் பேனைப் போட்டுவிடக்கூடாது என்று ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேடை பிளக்கின் கட்டையை மட்டும் விட்டுவைத்தார். அந்த நேரம் மாயக்காள் கோயிலுக்குப் போய்விட்டு நேராக மண்டபத்துக்கு வந்திருந்தார். மேசையில் விமானம் தனியாக இருந்தது. புது வண்டி எடுத்தால் செய்வதை அவர் அதற்கும் செய்தார். ஈரச் சந்தனத்தைக் குழைத்து மூக்கில் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

ஒன்பது மணிக்குச் சோதனைக்கு விட்டபோது விமானம் குப்புறப் பாய்ந்தது. முத்துக்கருப்பன் ஓடிப்போய் எடுத்தார். மூக்கில் பொட்டு சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க மொறைக்கிறீக?"

"மொத்த எடையே நாலரை கிராமு மாயக்கா. மூக்குல பாரம் ஏத்திட்ட."

"சந்தனம் என்ன ஆட்டுக்கல்லா?"

இப்படிப்பட்ட விமானத்துக்கு எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் எல்லாமே. மூக்கு கனத்தால் குப்புறப் போகும். வால் கனத்தால் மூக்கைத் தூக்கி, அப்படியே நின்று, பிறகு விழும். பொட்டைத் துடைத்தால் நெட்டி பிய்ந்துவிடும். அதோடு, மாயக்காளின் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்குத் துடைக்க மனம் வரவில்லை. பேட்டரி ஒரு துளி மெழுகில் ஒட்டியிருந்தது. அதை ஒரு நெல் அகலம் பின்னால் நகர்த்தினார். விமானம் முன்னைவிட அழகாகப் பறந்தது. இரண்டு தடவை விட்டார். இரண்டு தடவையும் தண்ணீரில் மிதப்பதுபோல் சுற்றியது.

பத்தரைக்கு முதல் ஆளாக பொன்னாத்தாள் வந்தார். மாயக்காளோடு கொத்துக் கழிக்கப் போகிறவர். கையில் மஞ்சப்பை.

"தம்பி, ப்ளைட்டு எங்கன குடுக்காக?"

"குடுக்கலத்தா. பறக்க விடுறோம்."

"டி.வி.க்கும் மொதல்ல இப்பிடித்தான் சொன்னாக. எங்க தெருவு லிஸ்ட்டுல இருக்கா இல்லையா, அத மட்டுஞ் சொல்லு." பைக்குள்ளிருந்து ரேஷன் கார்டு வெளியே வந்தது.

பதினோரு மணிக்குள் நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் கையில் கார்டு. ராக்கையா மைக்கைப் பிடித்து, "பொதுமக்கள் கவனத்திற்கு. இது அந்த ப்ரீ இல்ல, இது வேற ப்ரீ" என்று அறிவித்தார். "அப்ப அந்த ப்ரீ எப்பப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "ப்ளைட்டுன்னா டிக்கெட்டாத்தான் இருக்கும். போறதுக்கு மட்டுமா, திரும்பி வரவும் சேத்தா?" என்றார் இன்னொருவர். ஆனாலும் யாரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வெளியே காற்று, உள்ளே ஏதோ நடக்கப்போகிறது.

சுருளியாண்டி பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தார், வைகுண்டராஜோடு. கூட்டத்தைப் பார்த்து, "என்னலே, கல்யாணமா?" என்றார்.

முத்துக்கருப்பன் பழைய சார்ஜரில் மின்சாரம் ஏற்றினார். நூறு எண்ணுகிறவரை ஏற்றினால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே ஓடும் என்பது அவர் கணக்கு. கை நடுங்கியது. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். மேடை விளிம்பில் நின்று விமானத்தை விட்டார்.

அது மூக்கைத் தூக்கியது. மேலே ஏறியது. அந்தரத்தில் நின்றது. பிறகு வால் பக்கமாகச் சரிந்து, பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்தது.

மறுபடி விட்டார். மறுபடி அதேதான். யாரோ விசில் அடித்தார்கள்.

"வாங்குன சாமானுக்கு ரிப்பேர் தெரியாதுல்லண்ணே" என்று வைகுண்டராஜ் சுருளியாண்டியிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டது.

முத்துக்கருப்பன் விமானத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் பறந்தது. அதற்குள் எதுவும் மாறவில்லை. இறக்கை சரியாக இருந்தது, வால் சரியாக இருந்தது. மூக்கைப் பிடித்துத் திருப்பியபோது விரலில் ஏதோ தூள் ஒட்டியது. பார்த்தார். மஞ்சள் தூள். பொட்டு வெடித்து, ஓடு மாதிரி காய்ந்திருந்தது.

ஈரமாக இருந்தபோது மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது தண்ணீர்தான். அதற்கு ஏற்றபடி அவர் பேட்டரியைப் பின்னால் தள்ளியிருந்தார். தண்ணீர் போய்விட்டது. பேட்டரி தள்ளின இடத்திலேயே இருக்கிறது.

"சந்தனம் காஞ்சிருச்சு" என்றார் சத்தமாக.

மாயக்காளின் முகம் சுருங்கியது. "நான் வச்சதுனாலயா?"

"வச்சதுனால இல்ல. காஞ்சதுனால. நாந்தான் அத யோசிக்கல."

"அப்ப ஈரச் சந்தனத்த மறுபடி வையி ஆத்தா, வேலை முடிஞ்சிச்சு" என்று பொன்னாத்தாள் குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. முத்துக்கருப்பனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு சீரானது.

சுண்டுவிரலை மேசையில் ஊன்றினார். இடுக்கியால் பேட்டரியைப் பிடித்து, பழைய இடத்துக்கு நகர்த்தினார். நகர்த்தியபோது, தலைமுடி கனமுள்ள செம்புக்கம்பி இணைப்பில் அறுந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ராக்கையா, "அய்யய்யோ" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

முத்துக்கருப்பன் மேடை பிளக்கில் சால்டரிங் அயர்னைச் செருகினார். அது சூடேறுகிறவரை வலது மணிக்கட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சுருளியாண்டி எழுந்து மேசையருகே வந்து குனிந்துகொண்டார். வைகுண்டராஜும் வந்தார். அயர்ன் சூடானது. கை அந்தரத்தில் நடுங்கிக்கொண்டே வந்து, சுண்டுவிரல் பலகையைத் தொட்டதும் நின்றது. மூச்சைப் பாதி விட்டார். கடுகளவு ஈயம் உருகிக் கம்பியைக் கவ்வியது. எடுத்தார். கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

வைகுண்டராஜ் நிமிர்ந்தார். "இவ்வளவு சின்ன எடத்துல எனக்கே வராது" என்றார். அவர் யாருக்கும் கேட்பதற்காக அதைச் சொல்லவில்லை.

மறுபடி நூறு எண்ணி ஏற்றி, மூன்றாம் முறை விட்டார். கையை விட்டால் விட்டதுதான் என்று கயல் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. இனி அவர் செய்ய ஒன்றுமில்லை.

விமானம் மேடையைத் தாண்டியது, வளைந்தது, பெண்கள் பக்கம் தலைக்கு மேலே போனது, திரும்பி வந்தது. ராக்கையா மைக்கில் நொடிகளை எண்ணினார். முப்பதில் கூட்டம் பேச்சை நிறுத்தியது. அறுபதில் கூட்டமும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. ரேஷன் கார்டுகள் மடியில் கிடந்தன. நூறு பேருடைய உடம்புச் சூட்டில் காற்று மேலே எழுந்துகொண்டிருக்க வேண்டும். காலிமண்டபத்தில் ஒருபோதும் போகாத உயரத்துக்கு அது ஏறியது. நின்றுபோன பேன்களின் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, எதையும் தொடாமல் வெளியே வந்தது. "நூத்திப் பத்தொம்பது, நூத்தி இருவது!" என்று மண்டபமே கத்தியது. விமானம் இன்னும் ஒரு வட்டம் சுற்றிவிட்டு, கூரைக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது. மின்சாரமும் அங்கேயே தீர்ந்தது.

சுருளியாண்டி கூட்டம் கலைகிறவரை காத்திருந்து கேட்டார்.

"ஏலே முத்து, சீலிங்குக்கு மேல ஒயர் இழுக்க எத்தன இஞ்சி பைப்பு போடணும்?"

"லைட்டுக்கு முக்கா இஞ்சி போதும் மொதலாளி. ஏசிக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி லைனு, தனி எர்த்து. பழைய ஒயர் ஒண்ணு விடாம உருவிறணும். மேடைப் பக்கம் ஜாயின்ட்டு எல்லாம் லூசு."

மேடைப் பக்கம் இணைப்பு யார் போட்டது என்று மூவருக்கும் தெரியும். வைகுண்டராஜ் தலையைச் சொறிந்துகொண்டார்.

"வைகுண்டம், ஏசிய நீ பாரு. ஒயரிங்கையும் போர்டையும் இவன் பாக்கட்டும்" என்றார் சுருளியாண்டி.

வாசலில் பொன்னாத்தாள் ராக்கையாவைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "அடுத்த தடவ எழுதும்போது கார்டு வேணாம்னு சேத்து எழுதுப்பா. அத எடுக்க நான் பொட்டியவே கவுத்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை பழைய ஒயரை உருவ ஆரம்பித்தார்கள். இருபது அடி ஏணி சட்டத்தில் சாய்ந்திருந்தது. மாயக்காள் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரையும் பிடிக்க விடவில்லை. முத்துக்கருப்பன் முதல் படியில் கால் வைத்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். சொன்னால் சொன்னதுதான்.

படியைப் பிடித்து அழுத்தும்போது கை நடுங்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு உயரத்திலிருந்து பார்த்தார். மண்டபம் மிகப் பெரிதாக இருந்தது. ஆவணியில் இதில் பாதி உயரம் அடைபட்டுவிடும். இனி இங்கே எந்த விமானமும் சுற்ற முடியாது. அடைக்கிற பலகைக்கு மேலே ஒயர் இழுக்கப்போகிறவரும் அவர்தான். கைக்கு எட்டும் தூரத்தில், தூசி படிந்த சட்டத்தின் மேல், நாலரை கிராம் விமானம் காய்ந்த பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"எடுக்கவா? இல்ல, அப்பிடியே இருக்கட்டுமா?" என்று கீழே பார்த்துக் கேட்டார்.

மாயக்காள் பதில் சொல்லவில்லை. ஒரு கையால் ஏணியை அழுத்திப் பிடித்தபடி, மறுகையால் இடுப்பிலிருந்து இன்னும் அதிராத போனை உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கிடுகிடுவென்று ஆட்டிக் காட்டினார்.